சைக்கிளில் ஆப்பிரிக்கக் காடு: ஹெல்ஸ் கேட்டா, மஷாட்டுவா?

ஆப்பிரிக்கக் காட்டைச் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான். ஒன்று கென்யாவில், இன்னொன்று போட்ஸ்வானாவில். இரண்டும் தரும் அனுபவம் வேறு வேறு.

ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பு 68 சதுர கிலோமீட்டர்தான். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு வழிகாட்டி இல்லாமலே உள்ளே போகலாம். யானைகள் இல்லாததும், வேட்டையாடும் பெரிய விலங்குகள் அரிதாக இருப்பதும்தான் இந்தச் சுதந்திரத்துக்குக் காரணம். பாறைச் சுவர்களுக்கு நடுவே மண்பாதையில் போகும்போது வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் பக்கத்திலேயே மேயும். காட்டெருமையிடம் மட்டும் நெருங்க வேண்டாம். கிளம்பும் முன் பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மழை அறிகுறி தெரிந்தால் அங்குள்ள குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கவே கூடாது. 2012இலும் 2019இலும் திடீர் வெள்ளம் அங்கே உயிர்களைக் கொண்டுபோனது.

மஷாட்டு என்ற தனியார் வனவிலங்குக் காப்பகம் இருப்பது போட்ஸ்வானாவில், லிம்போபோ, ஷாஷே ஆறுகள் கூடும் துலி பகுதியில். சிங்கம், சிறுத்தை, யானைக் கூட்டம் எல்லாம் உலவும் காடு என்பதால் துப்பாக்கியோடு வழிகாட்டி முன்னால் போவார், மற்றவர்கள் ஒற்றை வரிசையில் பின்தொடர வேண்டும். சைக்கிள் ஓடுவது யானைகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்களில். தண்ணீருக்குப் போகும் யானை கூடியவரை சுலபமான ஏற்றத்தையே பிடிக்கும், அதனால் சைக்கிளுக்கும் அந்தத் தடம் தோதாக அமைந்துவிடுகிறது. வறண்ட ஆற்றுமணலில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டிவரும். முள் அதிகம், டியூப்லெஸ் டயர்தான் தாங்கும்.

சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் விலங்கு திடுக்கிடலாம். வழிகாட்டி கை தூக்கினால் அப்படியே நின்றுவிட வேண்டும். சிங்கத்தைக் கண்டு வேகமாக மிதித்து ஓடுவது, அதைத் துரத்த அழைப்பதற்குச் சமம்.

குழந்தைகளோடு போகிறீர்கள், கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் ஹெல்ஸ் கேட் போதும், மனம் நிறையும். ஆனால் காட்டுக்குள் நாமும் ஓர் உயிராக நுழைகிற உணர்வு வேண்டுமென்றால் என் ஓட்டு மஷாட்டுவுக்கே. செலவு கணிசமாகக் கூடும், மேடுபள்ளத்தில் சைக்கிள் ஓட்டிய பழக்கமும் வேண்டும். அங்கே புல் காய்ந்து விலங்குகள் தொலைவிலேயே தெரியும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் போங்கள்.