பைபாஸ் நர்சரி: முன்பக்கம் நிற்காதீர்கள், நேராகப் பின்னால் போங்கள்

மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலை ஓரம் இருக்கும் ஒரு நர்சரியில் இரண்டு வருடமாகச் செடி வாங்கி வருகிறேன். பெயரைப் போடவில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது, அதோடு நான் சொல்லப்போவது அந்த ரோட்டில் வரிசையாக இருக்கும் எல்லா நர்சரிக்கும் ஏறக்குறையப் பொருந்தும். மொட்டைமாடிக்காக இதுவரை வாங்கியது 23 செடி, இன்றைக்கு உயிரோடு இருப்பது 14. செத்துப்போன ஒன்பதில் எட்டு, கடையின் முன்பக்கம் பச்சை வலைக்கு அடியில் பூவும் மொட்டுமாகக் குலுங்கிக்கொண்டிருந்தவை. அதைப் பார்த்துத்தானே வண்டியை நிறுத்துகிறோம்.

கடை இரண்டு பாகம். முன்னால் நிழல்வலை. ரோஜா, செவ்வந்தி, பெட்டூனியா என்று ஓசூர், பெங்களூர் பக்கமிருந்தும் ஆந்திராவின் கடியத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் சரக்கெல்லாம் இங்கேதான். பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால், வலையும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெட்டவெளி. மல்லிகைப் பதியன், அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, செம்பருத்தி எல்லாம் கறுப்புப் பாக்கெட்டில் வெயிலில் காய்ந்துகொண்டு, பாதிக்கு மேல் பூவே இல்லாமல், பார்க்கப் பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி நிற்கும். வாங்க வேண்டியது அவற்றைத்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடமும் கணிசமான பணமும் ஆனது.

முதலில் ரோஜா கதை. போன வருடம் மாசியில் மூன்று ஒட்டு ரோஜா, ஒன்று 180 ரூபாய். நான் தூக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது நேத்துத்தான் லாரியில வந்து இறங்குச்சு. ஒரு வாரம் கழிச்சு வாங்க, உசுரோட இருந்தா எடுத்துட்டுப் போங்க." நான் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன். வீட்டில் பாக்கெட்டைக் கிழித்தால் உள்ளே இறுகிப்போன களிமண் உருண்டை. அதை அப்படியே தொட்டியில் வைத்து, சுற்றிலும் செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நிரப்பினேன். எல்லாரும் செய்வதுதான். ஊற்றுகிற தண்ணீர் பொலபொலவென்று இருக்கும் புது மண் வழியாகக் கீழே இறங்கி ஓடிவிடுகிறது, நடுவில் இருக்கிற உருண்டை நனைவதே இல்லை. தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டால் ஈரம், வேர் இருக்கும் இடம் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கிறது. பங்குனிக் கடைசியில் இலை கருகி, கத்திரி வெயில் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது, ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வெடுக்கென்று ஒரு கிளை விட்டு ஆளுயரம் வளர்ந்தது. சந்தோஷப்பட்டுவிட்டேன். பார்த்தால் மேலே இருந்த ரோஜா செத்து, அடிக்கட்டையாக வைத்த காட்டு ரோஜா தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. முள் மட்டும் அமோகம். அதை உயிரோடு இருக்கும் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

களிமண் உருண்டையோடு செடி வந்தால், அரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் வெளி மண்ணைப் பாதிக்காவது கரைத்துவிட்டு நடுங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரம் நிழல், பிறகு காலை வெயில் மட்டும், அப்புறம்தான் முழு வெயில். கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். செத்த ரோஜாவின் படத்தைக் காட்டியபோது "தண்ணி கூடிருச்சுண்ணே" என்றார். அடுத்த தடவை பெட்டூனியா செத்ததற்கு "தண்ணி பத்தலண்ணே." மாற்றுச் செடி கேட்டால் சிரிப்புதான் பதில். செவ்வந்தி, பெட்டூனியா விஷயத்தில் தப்பு என்னுடையதும்தான் என்று ஒத்துக்கொள்கிறேன், அவை நம் ஊரில் மார்கழி, தைக்கான பூக்கள். செவ்வந்தி பகல் சுருங்கும் காலத்தில்தான் மொட்டு வைக்கும். மாசிக் கடைசியில் வாங்கிவிட்டு வைகாசியில் பூ எங்கே என்று தேடினால் எப்படி.

இனிப் பின்பக்கத்துக்கு வருவோம். ராமநாதபுரம் குண்டுமல்லிப் பதியன் நாலு, ஒன்று 30 ரூபாய். தங்கச்சிமடத்து நாற்று என்றார்கள். மல்லிகை நாற்றுக்கு அந்தப் பக்கம் பேர்போனதுதான். வாங்கும்போது நாலு இலையோடு குச்சியாக இருந்தது, அம்மா பார்த்துவிட்டு "இதுக்கா பெட்ரோல் போட்டுப் போன?" என்றார். ஒரு வருடம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்தை வெட்டினேன். வெட்டி, இருந்த இலையையும் உருவிவிட்டு, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் மாசியில் புதுத் துளிர் கிளம்பி நுனியில் மொட்டு வைக்கிறது. பழைய கிளையை விட்டுவைத்தால் இலைதான் மண்டும், பூ குறைந்துவிடும். இந்தச் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில், தினமும் விடியற்காலை நாலு செடியிலுமாக இரண்டு கை நிறைய மொட்டு. அம்மா காலையிலேயே கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவார், சாயங்காலம் விளக்கேற்றும்போது சாமி படத்திலேயே அவிழும். அந்த வாசனை மொட்டைமாடியிலிருந்து படிக்கட்டு வழியே கூடத்துக்கு இறங்கிவரும்.

ஒரு விஷயம். வீட்டில் மல்லிகை வைத்தால் பூச்செலவு மிச்சமாகும் என்று யாராவது நினைத்தால் அது நடக்காது. நம் செடி பூத்துக் கொட்டும் சித்திரை, வைகாசியில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் பூ குவிந்து விலை விழுந்து கிடக்கும். மார்கழி, தையில் பனிக்கு வரத்து குறைந்து கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டும்போது நம் செடியும் மொட்டையடித்துக்கொண்டு நிற்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமையெல்லாம் தையில் பர்ஸைத் திறக்கும்போது ஞாபகம் வராது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், மண்தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அதில் மல்லிகையின் இளம் இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சை. நர்சரியில் காட்டினால் 220 ரூபாய்க்கு ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்தார்கள், இரண்டு மாதம் அடித்தும் பலனில்லை. அது இரும்புச்சத்துக் குறைபாடு. உப்புத் தண்ணீரால் மண் காரத்தன்மைக்குப் போனால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து சாயங்காலம் இலையில் தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை, அடுத்து வந்த துளிர் பச்சை. அந்த டானிக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

அதே மாதிரி தவிர்க்க வேண்டியது அவர்கள் விற்கும் ரெடிமேட் மண் கலவை. மூட்டையில் முக்கால்வாசி தென்னை நார்க்கழிவு, அதுவும் உப்புப் போகக் கழுவாதது. ஊறவைத்தால் டீ டிகாஷன் மாதிரி தண்ணீர் வருகிறது. அந்த உப்போடு நம் போர் உப்பும் சேர்ந்தால் செடி எங்கே போகும்? க்ரோ பேக்கும் ஒரே கோடையில் கையோடு பிய்ந்து வந்தது. மண்தொட்டி மட்டும் அங்கே நல்ல சரக்கு, விலையும் நியாயம். சீக்கிரம் காயும், ஆனால் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மாதிரி வேரை வேகவைக்காது.

காகிதப்பூ 120 ரூபாய். மூன்று மாதம் தினமும் தண்ணீர் ஊற்றினேன், இலை செழித்தது, ஒரு பூ இல்லை. பெரியம்மாவிடம் புலம்பினால், "சோறு போட்டுக்கிட்டே இருந்தா எதுக்கு பூக்கப்போகுது, வாட விடுங்க தம்பி" என்றார். இலை தொங்குகிற வரை பட்டினி போட்டு, பிறகு தண்ணீர் காட்டினேன். ஒரு மாதத்தில் இலையே தெரியாத அளவுக்கு ராணி கலர். நாம் பூ என்று நினைக்கும் அந்தக் கலர் காகிதம் இலையின் ஒரு வகைதான், நடுவில் ஊசி மாதிரி இருக்கும் வெள்ளைதான் பூ.

அடீனியம் (பாலைவன ரோஜா) மூன்று வாங்கினேன், கத்திரி வெயிலில் அவ்வளவு தெம்பாகப் பூத்தன. ஒன்று மட்டும் ஐப்பசி அடைமழையில் நகர்த்தி வைக்காமல் விட்டதில் அடிக்கிழங்கு அழுகிப்போனது. செத்த ஒன்பதில் அந்த ஒன்று முழுக்க என் கணக்கு.

மதிப்பெண் என்று கேட்டால் முன்பக்கத்துக்கு ஐந்தில் ஒன்றரை, பின்பக்கத்துக்கு நாலரை. கூகுள் பே உண்டு, வண்டி நிறுத்த இடமும் உண்டு. காரின் டிக்கியில் செடியை அடைத்துக்கொண்டு மதிய வெயிலில் கிளம்பாதீர்கள், ஒரு ஈரச் சாக்காவது எடுத்துப் போங்கள். அந்தப் பெரியம்மா காலை பத்து மணி வரைக்கும்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார், அதற்குள் போய்விடுங்கள்.