மோயுன்ஜி ஏரியில் படகு எடுக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

யாங்கூனிலிருந்து மண்டலே ரோட்டில் பெகுவைத் தாண்டிப் போனால் மோயுன்ஜி ஏரி. குளிர்காலத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று நம் ஆட்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். வெள்ளைக்காரன் காலத்தில், 1878இல், பெகு சித்தாங் கால்வாய்க்குத் தண்ணீர் விடக் கட்டிய தேக்கம் இது. 2004இல் பர்மாவின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களில் ஒன்றாக, அறிவித்தார்கள். தண்ணீர் ஆழம் குறைவு, தாமரையும் கோரையும் ஏராளம், அதனால்தான் சைபீரியா பக்கத்திலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே வந்து குளிரைக் கழிக்கின்றன.

இடத்துக்கு முழு மார்க். படகுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன், அது ஓட்டுகிறவரைப் பொறுத்தது.

ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த படகுக்காரர் நல்ல மனிதர்தான், நாங்கள் சந்தோஷப்படுவோம் என்று நினைத்து மோட்டாரை முறுக்கி நேராக வாத்துக் கூட்டத்துக்குள்ளேயே விட்டுவிட்டார். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. போட்டோ எடுக்க வந்தவர்களுக்கு அது பிடிக்கலாம், பறவைகளை எண்ண வந்தவர்களுக்கு அதோடு வேலை கெட்டது, ஏனென்றால் கிளம்பிய கூட்டம் வேறு பக்கம் போய் இறங்கும், அங்கே அதையே இரண்டாம் தடவை எண்ணிவிடுவோம். அதைவிட எனக்கு மனசு கேட்காதது, அவ்வளவு தூரம் பறந்து வந்து தின்று தேற வேண்டிய பறவையை இப்படித் துரத்துவது.

அடுத்த முறை வயதான ஒருவர் படகு கிடைத்தது. ஏறும்போதே, “அக்கோ (அண்ணே), தூரத்திலேயே மெஷினை நிறுத்திடுங்க” என்று பர்மிய மொழியில் சொல்லிவிட்டோம், மனிதர் தலையாட்டிவிட்டு மூங்கில் கழியை ஊன்றித்தான் தள்ளினார். அப்புறம் கண்ட காட்சியே வேறு! நீலத்தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டைப் பிடுங்கி, நம் கையில் கரும்பைப் பிடிப்பது போல ஒரு காலில் பிடித்துக்கொண்டு, அடித்தண்டைக் கடித்துக் கடித்துத் தின்றது. படகு பக்கத்தில் போன பிறகும் அது அசையவில்லை. நீளவால் இலைக்கோழிகளும் நிறைய. பேரை நம்பி வாலைத் தேடாதீர்கள், குளிர்காலத்தில் அந்த நீள வால் இருக்காது. கழுத்தோரம் இறங்கி மார்பில் சேரும் கறுப்புக் கோடுதான் அடையாளம். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் இருக்கும் இடைவெளிகூட வெறும் கண்ணுக்குத் தெரிந்தது.

எண்ணிக்கைக்குப் போகிறவர்கள் ஜனவரியில் போங்கள், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அந்த மாதம்தான், 1987 முதல் நடக்கிறது, பொங்கல் லீவோடும் ஒத்துவரும். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து எண்ணி அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதை வைத்து நூறு நூறாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, இரண்டு பேர் இருந்தால் நல்லது. சீழ்க்கைச் சிறகி என்ற வாத்து கோரைக்குள் ஒளிந்து கிடக்கும், சத்தம்தான் காட்டிக்கொடுக்கும், அதற்கும் மோட்டார் நின்றிருக்க வேண்டும்.

சரி, வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து. லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் தண்ணீர் மினுக்கத்தில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் முதுகில் விழுகிற மாதிரி படகைத் திருப்பச் சொல்லுங்கள். ரோடு நிலவரத்தை முந்தின நாளே விசாரிப்பது முக்கியம். பைனாகுலர் எட்டு பவர் போதும், ஆடுகிற படகில் பத்து பவர் வைத்தால் பறவை நிற்காது.