ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை: மதுரையில் ஒரு செவித்திறன் ஆய்வகம்

என் அக்காவுக்கு ஓராண்டாக வலது காதில் இரைச்சல். கைப்பேசியை எப்போதும் இடது காதிலேயே வைத்துப் பேசுவதை நாங்கள் கவனிக்கவில்லை. வலது காதில் குரல் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை என்று அவரே ஒரு நாள் சொன்னார். முதலில் சென்ற காது மெஷின் கடையில் பத்து நிமிடம் ‘பீப்’ ஒலி கேட்கவைத்து, ஆடியோகிராமைக் கையில் கொடுத்து, அன்றைக்கே மெஷின் வாங்கச் சொன்னார்கள். கேட்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அதில் இருந்தது. பழுது எங்கே என்பது இல்லை.

காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அனுப்பியதால் இந்த ஆய்வகத்துக்குச் சென்றோம். காதுக்குள் ஒலியை அனுப்பும் காற்றுவழி, காதின் பின்னெலும்பை அதிரவைத்து ஒலியை நேரே உட்செவிக்கு அனுப்பும் எலும்புவழி இரண்டிலும் ஒரே அளவு குறைவு தெரிந்ததால் நடுச்செவியில் கோளாறு இல்லை என்றானது. சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே பொறுமையாகச் செய்தார்கள். ஒலியைக் கூட்டியும் வலது காது பாதிச் சொற்களைத் தவறவிட்டது. அடுத்தது ஓ.ஏ.இ. உட்செவியின் மயிர்ச்செல்கள் தாமே எழுப்பும் மெல்லிய ஒலியை, காதுக்குள் வைத்த சிறு மைக்கில் பதிவு செய்யும் இந்தச் சோதனைக்கு, 1978-ல் பிரிட்டன் ஆய்வாளர் டேவிட் கெம்ப் அந்த ஒலியைக் கண்டறிந்ததே அடிப்படை. அக்காவுக்கு அது நன்றாகவே பதிவானது. உட்செவி வேலை செய்கிறது, சொல் விளங்கவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒலி கேட்கும்போது செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்சைகைகளைப் பதிவு செய்யும் பெரா சோதனையில்தான் இவர்களின் தேர்ச்சியைக் கண்டேன். நெற்றியையும் காதின் பின்புறத்தையும் நறநறவென்ற பசையால் தேய்த்து மின்முனைகளை ஒட்டிய பெண், கழுத்துக்கு அடியில் தலையணையைச் சரிசெய்து, “அக்கா, தாடையைத் தளர விடுங்கள், தூங்கினாலும் சரிதான்” என்றார். தசை இறுகினால் பதிவு கெட்டுவிடுமாம். ஒவ்வொரு காதுக்கும் இரண்டு முறை பதிவெடுத்து, கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முகடுகளைக் குறித்தார். முதல் முகடு செவிநரம்பின் தொடக்கத்தில், ஐந்தாவது மூளைத்தண்டின் மேற்பகுதியில் எழுவது. இடையிலான நேரம் இடது பக்கம் 4 மில்லிவினாடி, வலது பக்கம் 4.7. வலது பக்கம் சைகை தாமதமாகச் செல்கிறது, ஆகவே தடை அந்த வழியில்தான் இருக்கிறது.

இத்தகைய தடைக்கு நரம்பை அழுத்தும் கட்டி காரணமாக இருக்கலாம், சிறிய கட்டிகள் பெராவில் தப்பிவிடலாம், மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. அவசியம் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். தங்கள் சோதனையின் எல்லையைத் தாங்களே சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். எம்.ஆர்.ஐ.யில் செவிநரம்புப் பாதையில் 12 மி.மீ. கட்டி தெரிந்தது, புற்றுநோய் வகை அல்ல, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர்.

குறை ஒன்று உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் கேட்ட பிறகே தமிழில் விளக்கினார்கள். செல்பவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மின்முனை ஒட்டாது.