லாப்ரடூடிலா, நாட்டு நாயா?

எங்கள் கோத்தகிரி வீட்டில் இரண்டும் வளர்கின்றன. எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால் முதலில் முடியைப் பற்றித்தான் சொல்வேன்.

லாப்ரடூடில் என்பது லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த கலப்பு. 1980களின் கடைசியில், பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்ற நாய் வளர்ப்பாளர் இதை உருவாக்கினார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. முடியே கொட்டாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். எல்லாக் குட்டிக்கும் அது பொருந்தாது. கொட்டாத முடியோ உடம்பிலேயே சிக்கிச் சடையாகிவிடும். ஐப்பசி மழையில் தேயிலைக்குள் ஓடிவிட்டு வந்ததும் காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள்: சொதசொதவென்று ஈரம், முடிச்சு, நடுவில் ஓர் அட்டை. தோல் வரை சீவி, காதைத் துடைத்து உலர்த்த எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. அதன் பொறுமையைப் பார்த்தால் அலுப்பே தெரியாது.

நாட்டு நாய்க்குப் பழைய துண்டு ஒன்று போதும்.

காவலுக்கும் நாட்டு நாய்தான். வாசலில் நிற்பது புது ஆளா, பால்காரரா என்று அதன் குரைப்பிலேயே தெரிந்துவிடும். லாப்ரடூடில் எல்லோருக்கும் வாலாட்டும். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் தனிமை தாங்காது. பூட்டிவிட்டுப் போனால் செருப்பும் மெத்தையும் மிஞ்சாது.

சரி, பகல் முழுக்க வீடு பூட்டியிருக்குமா? லாப்ரடூடில் வேண்டவே வேண்டாம். தாத்தா, பாட்டி, குழந்தைகள் என்று எப்போதும் ஆள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்புறம், எந்த நாயானாலும் இரவில் உள்ளேயே படுக்க வையுங்கள். சிறுத்தை நடமாடும் ஊர் இது.