வேலை பார்க்கும் கல்லூரிப் பிள்ளை: யார் வரிக் கணக்கில்?

அமெரிக்காவில் 24 வயதுக்குட்பட்ட முழுநேர மாணவர் எவ்வளவு சம்பாதித்தாலும், தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொள்ளாதவரை பெற்றோர் தங்கள் வரிக் கணக்கில் அவரைத் தங்களைச் சார்ந்தவராகக் காட்டலாம். கல்லூரி விடுதியில் தங்கினாலும் பெற்றோர் வீட்டில் இருப்பதாகவே கணக்கு.

காட்டினால் பெற்றோருக்கு வரியில் 500 டாலர் வரை குறையும்; இளங்கலையின் முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கல்விச் சலுகை 2,500 டாலர் வரை. பிள்ளைக்கு நட்டமா? பெரும்பாலும் இல்லை. சம்பளம் குறைவென்றால், அதில் பிடித்தம் செய்த வருமான வரியைத் தனியாகத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். 'என்னை வேறொருவர் காட்டலாம்' என்ற கட்டத்தில் மட்டும் மறக்காமல் டிக் அடிக்க வேண்டும். (வீட்டுச் சண்டை தொடங்குவதே இங்கேதான்.)

காட்டாமல் விடுவது வசதியான குடும்பங்களுக்கான வழி. கூட்டாகத் தாக்கல் செய்யும் பெற்றோரின் வருமானம் 1,80,000 டாலரைத் தொட்டால் அந்தக் கல்விச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. விட்டுக்கொடுத்தால் பிள்ளை அதைத் தன் வரியில் கழிக்கலாம். கட்ட வேண்டிய வரியே இல்லையென்றால் இதனால் பெரிதாக ஒன்றும் வராது.