மைனரா, மினியா?

இரண்டுமே பழைய பிரிட்டிஷ் கார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இசிகோனிஸ். ஆனால் குணத்தில் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1948இல் வந்த மோரிஸ் மைனர், எஞ்சின் நீளவாக்கில் இருக்க, பின்சக்கரங்களால் ஓடும் வண்டி. கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்த உருண்டை உடல் பிடிக்கவே இல்லை. முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். மாதிரி வண்டி ஒல்லியாகத் தெரியவே, இசிகோனிஸ் அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டைப் பட்டை அந்த இடைவெளிதான்.

மினி 1959. 1956இல் சூயஸ் கால்வாய்ச் சண்டையால் வந்த பெட்ரோல் தட்டுப்பாட்டில் கருக்கொண்டது. 848 சிசி எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஆயில். 10 அடி வண்டியில் நாலு பேர் உட்கார முடிந்தது இதனால்தான். சரி, சும்மா கிடைக்குமா? ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. நல்ல மழையில் நனைந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

வளைவில் ஓட்டும் குஷிக்கு மினிதான். வைத்துப் பராமரிக்க என்றால் நான் மைனரைத்தான் சொல்வேன்: பானெட்டைத் திறந்தால் கை தாராளமாக உள்ளே போகும். இலங்கையில் மைனர்கள் அத்தனை காலம் ஓடியது சும்மா இல்லை.