ஜெர்மனிக்குப் போய்த் திரும்பிய மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர்

வெளிநாட்டில் போய் ஒரு பருவம் படிக்கும் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்குக் கிளம்பும் ஜூனியர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி விசாவைப் பற்றியது, இரண்டாவது கேள்வி குக்கரைப் பற்றியது. விசாவுக்குப் பதில் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். குக்கரைப் பற்றி நான் விவரமாகவே எழுதிவிடுகிறேன். வாங்கியது தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் பாத்திரக்கடையில். மூன்று லிட்டர், எவர்சில்வர், வெளிமூடி, அடிப்பாகம் தட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும் இண்டக்‌ஷன் மாடல், விலை 2,350 ரூபாய். ஆறு மாதம் ஜெர்மனியில் ஆகென் நகரத்தில் என்னோடு இருந்தது, திரும்பி வந்து ஒன்றரை வருடமாக நங்கநல்லூரில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் தினமும் ஏறி இறங்குகிறது. ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன்.

முதலில் கடைக்காரருக்கு ஒரு நன்றி. அம்மா கையில் எடுத்தது அலுமினியக் குக்கர், விலை பாதிதான். அவர்தான் தடுத்தார். "பாப்பா வெளிநாடு போகுதா? அப்ப இது வேணாம்மா, அங்கெல்லாம் கரெண்ட் அடுப்பு, இண்டக்‌ஷனா இருந்துச்சுன்னா இது சூடே ஏறாது" என்று சொல்லி எவர்சில்வரை எடுத்துக் கொடுத்து, ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடிக் காட்டினார். குக்கருக்கு ஐஎஸ் 2347 என்ற எண் போட்டிருக்க வேண்டும், நீங்களும் பார்த்து வாங்குங்கள், அழுத்தத்தில் வேலை செய்கிற பாத்திரம் இது. "கேஸ்கட் ரெண்டு, சேஃப்டி வால்வு ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போயிடுங்க" என்றும் சொன்னார். ஆறு மாதத்துக்கு எதற்கு என்று அம்மா ஒன்றும் கூடுதலாக வாங்கவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பெட்டி அடுக்கும்போது குக்கரைக் காலியாக வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. உள்ளே அரைக்கிலோ பொன்னி அரிசி, கால் கிலோ துவரம்பருப்பு, சாம்பார் பொடி, பெருங்காயம், ஒரு சின்ன அஞ்சறைப் பெட்டிச் சாமான் அத்தனையும் பொட்டலம் பொட்டலமாக ஏறியது. நெய்யும் கறிவேப்பிலையும் மட்டும் ஏறவில்லை. பால் பொருள் எதையும் நாம் இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது, பச்சை இலை தழைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் நெய் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைக்கிற அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அந்தப் பொட்டலங்கள்தான் என்னைக் காப்பாற்றின. நான் போய் இறங்கியது சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் உட்பட அநேகமாக எல்லாக் கடைகளும் சட்டப்படியே மூடியிருக்கும் என்று படித்திருந்தேன், ஆனால் படிப்பது வேறு, பூட்டிய கடை வாசலில் பசியோடு நிற்பது வேறு. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்கடையில் வரிசை, பாண்டி பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. அங்கே தெருவே தூங்குகிறது. திரும்பி வந்து குக்கரைத் திறந்து, அதற்குள் இருந்ததையே எடுத்து அதிலேயே பருப்பு சாதம் வைத்தேன். முதல் நாள் சாப்பாட்டை அந்தக் குக்கர் வீட்டிலிருந்தே சுமந்துகொண்டு வந்திருந்தது.

இனி சமையல். விடுதியில் ஆறு பேருக்கு ஒரே சமையலறை, ஃபிரிட்ஜில் தட்டுக்குத் தட்டு பெயர் ஒட்டியிருக்கும். அடுப்பு கண்ணாடிப் பலகை போட்ட மின்சார அடுப்பு. கேஸ் மாதிரி சட்டென்று ஏறாது, அணைத்தாலும் சட்டென்று இறங்காது, பத்து நிமிடம்கூடச் சூடு நிற்கும். அடி தட்டையாக இருந்ததால் குக்கர் ஆடாமல் உட்கார்ந்தது, சூடு எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பரவியது, பருப்பு ஒருநாளும் அடிப்பிடிக்கவில்லை. இந்த விஷயத்தில் முழு மதிப்பெண்.

விசில்தான் பிரச்சினை. லேபிலிருந்து வர ராத்திரி பத்து ஆகிவிடும், வந்ததும் அரிசி வைப்பேன், பத்தரைக்கு மூன்று விசில். நம் வீட்டில் அது ஒரு சத்தமே இல்லை. ஆனால் எங்கள் விடுதி விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்கவும் அப்படித்தான். நான்காம் நாள் காலையில் என் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு. அழகான கையெழுத்தில், கீழே பெயரோடு, இந்தப் பாத்திரத்தைப் பத்து மணிக்கு மேல் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம், எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை என்று எழுதியிருந்தாள் பக்கத்து அறைப் பெண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நங்கநல்லூரில் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு சீட்டு வந்தால் அது சண்டை. அதற்கு முன் மூன்று பேர் மூலமாக ஜாடையாகச் சொல்லி, அப்புறமும் கேட்காவிட்டால்தான் எழுத்துக்கே வரும். அன்று சாயந்திரம் அவளைப் பார்க்கவே தயங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனால், அவள் சிரித்துக்கொண்டே வந்து அது என்ன பாத்திரம், எப்படி வேலை செய்கிறது, மூடியைப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். அவள் மனசில் ஒன்றுமே இல்லை. சத்தம் தொந்தரவாக இருந்தது, சொல்லிவிட்டாள், முடிந்தது. அதை நான் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது, ஆனால் புரிந்த பிறகு அந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உள்ளே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதைவிட ஒரு சீட்டு எவ்வளவோ மேல்.

அவளுடைய பாட்டி வீட்டிலும் குக்கர் உண்டாம். அங்கே அதற்குப் பெயர் 'ஷ்னெல்கொஹ்டொப்ஃப்', வேகமாகச் சமைக்கும் பாத்திரம் என்று அர்த்தம். அது கூவாது. மூடியில் இருக்கும் ஒரு குமிழ் மேலே எழும்பும், அதில் கோடு தெரியும், கோட்டைப் பார்த்துக் கடிகாரத்தில் நிமிடம் வைப்பார்கள். எத்தனை நிமிடம் வைப்பாய் என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை! அரிசிக்கு மூன்று, பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஆறு, இதெல்லாம் விசில் கணக்கு. அம்மா ஹாலில் பூ கட்டிக்கொண்டே காதால் சமைப்பவர். "ரெண்டு ஆச்சா மூணு ஆச்சா?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்பார், எண்ணுவது வீட்டுக்கே பொதுவான வேலை.

அதன்பிறகு நானும் நிமிடத்துக்கு மாறினேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்பார்ட்மெண்டில் குழந்தை தூங்கும் வீட்டுக்கும் உதவும். ஆவி நன்றாக வந்ததும் வெயிட் போடுங்கள். வெயிட் அசைய ஆரம்பித்து, உஸ் என்று முதல் விசிலுக்குத் தயாராகும்போது சூட்டை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அரிசிக்கு ஐந்தாறு நிமிடம், துவரம்பருப்புக்கு எட்டு நிமிடம், பிறகு அணைத்துவிட்டுத் தானாக அழுத்தம் இறங்கும்வரை தொடாதீர்கள். உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால்தான் சீக்கிரம் வேகிறது, விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியேறும் சத்தம் மட்டும்தான். ஒரு விசில்கூட வராமல் சாதம் உதிரி உதிரியாக வரும்.

மூன்று லிட்டர் ஒருத்திக்கு அதிகம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. மீந்த பருப்புதான் எனக்கு அங்கே சிநேகிதம் சம்பாதித்துக் கொடுத்தது. ஒருநாள் சாம்பாரை டப்பாவில் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மறுநாள் டப்பா பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது, கூடவே மேஜைமேல் ஒன்றரை யூரோ சில்லறை. சுருக்கென்றது எனக்கு. நம் வீட்டில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கவே மாட்டார்கள், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார் பாட்டி. இதை அவளிடம் அப்படியே சொன்னேன், சீட்டு எழுதுகிற ஊரில் மனசில் வைத்திருப்பானேன். அவள் கேட்டுவிட்டு, கடன் வைப்பது மரியாதை இல்லை என்றுதான் காசு வைத்தேன் என்றாள். அதிலும் அன்புதான் இருந்திருக்கிறது. அடுத்த முறை டப்பா திரும்பியபோது உள்ளே இரண்டு துண்டு ஆப்பிள் கேக். அதற்கப்புறம் நான் ஊர் திரும்பும்வரை அந்த டப்பா ஒருதரம்கூடக் காலியாக வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். அங்கே யாராவது சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால், வேண்டுமென்றால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லுங்கள். நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன், இன்னொருதரம் கேட்பார்கள் என்று நின்றேன், சூப் பாத்திரத்தை மூடிவிட்டார்கள். அவர்கள் என் வார்த்தையை நம்பினார்கள், அவ்வளவுதான். அதேபோல நான் வழக்கமாக "சாப்பிட்டியா?" என்று கேட்டால், இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு அழைப்பு வரும் என்று காத்திருப்பார்கள். நமக்கு அது நலமா என்பதற்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரியாது.

சரி, அந்த ஒரு ஸ்டார். நான்காவது மாதம் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. மூடியைச் சுற்றி ஆவி கசியும், அழுத்தம் ஏறவே ஏறாது. வெளிநாட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்று சொல்லி விற்கிற கம்பெனி, இதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டாமா? மின்னஞ்சலுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று பதில் வந்தது. ஆகெனில் எங்கே போய் அணுகுவது? கேஸ்கட்டை ஃபிரீசரில் அரைமணி வைத்து எடுத்தால் கொஞ்சம் இறுகும் என்று சித்தி சொன்னார், அப்படியே ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் சென்னையிலிருந்து வந்த ஒரு பையனிடம் அம்மா கொடுத்தனுப்பினார். அறுபது ரூபாய்ச் சாமானுக்கு அவ்வளவு அலைச்சல். கைப்பிடி ஸ்குரூவும் மாதம் ஒருமுறை தளர்கிறது, ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அது அம்மாவின் குக்கர். நான் சொன்ன நிமிடக் கணக்கை ஒருநாள் செய்து பார்த்தார், சாதம் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், மறுநாள் பழையபடி விசிலுக்கே போய்விட்டார். காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஒன்று, மாடி வீட்டில் ஒன்று, எதிர் பிளாக்கில் ஒன்று. அந்த ஆறு மாதம் நான் எதைத் தேடினேன் என்று கேட்டால் இந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

அடுத்த அக்டோபரில் சித்தி பையன் கிளம்புகிறான். அவனுக்கும் இதே மாடலைத்தான் வாங்கப் போகிறோம், அதே கடையில். இந்தத் தடவை கேஸ்கட் மூன்று.